நிலமீட்புக் கோரிக்கையும் பயங்கரவாதக் குற்றச்சாட்டும்: சிலி நாட்டு மப்புச்சே வழக்குகள் (2001–2019)

ஆய்வுச்சுருக்கம்

தென்னமெரிக்க நாடான சிலியில், மப்புச்சே தொல்குடியினர் தம் மரபுநிலங்களை மீட்க நடத்திய போராட்டங்களின்மீது 2001ஆம் ஆண்டுக்குப் பின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றுள் அங்கோல் நகர நீதிமன்றத்தில் இரு குடித்தலைவர்மீது நடைபெற்ற வழக்கை மையமாகக் கொண்டு, நிலத்தின் வரலாறு குற்றவியல் நீதிமன்றத்தில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமைக்குச் சான்றாக ஏற்கப்படாத வரலாறு குற்ற நோக்கத்துக்குச் சான்றாக ஏற்கப்பட்டது என்பது கட்டுரையாளரின் துணிபு.

திறவுச்சொற்கள்: மப்புச்சே, சிலி, தொல்குடியினர், மரபுநிலம், பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், முகமறியாச் சாட்சி, மனித உரிமை நீதிமன்றம்

முன்னுரை

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று, தென்சிலியின் அங்கோல் நகர நீதிமன்றம் இரு மப்புச்சே குடித்தலைவர்களுக்கு ஐந்தாண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதித்தது. மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்ட குற்றம் தீ வைத்ததன்று. தீ வைப்பதாக அச்சுறுத்தியது. அவ்வச்சுறுத்தலும் சாதாரணக் குற்றமாகவன்றிப் பயங்கரவாதக் குற்றமாகவே தீர்ப்பில் வகைப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, முன்னாள் குடியரசுத் தலைவர் பத்ரிசியோ அய்ல்வின் தலைமையில் அரசு நியமித்திருந்த ‘வரலாற்று உண்மை, புதிய அணுகுமுறை ஆணையம்’ தலைநகர் சாந்தியாகோவில் தன் அறிக்கையை அளித்தது. மப்புச்சே மக்கள் நிலமிழந்த வரலாற்றை அவ்வறிக்கை விரிவாகப் பதிவு செய்தது.

இவ்விரு ஆவணங்களும் ஒரே அரசமைப்பின் இருவேறு உறுப்புகளிலிருந்து, ஒரே நிலப்பகுதியைப் பற்றி, ஒரே பருவத்தில் வெளிவந்தவை. ஒன்று நிலவரலாற்றை அநீதியின் கதையாகக் கண்டது. மற்றொன்று அதே வரலாற்றைக் குற்றத்தின் பின்புலமாகக் கண்டது. தொல்குடியினர்மீதான வழக்குகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சட்டத்தின் கடுமையையும் காவல்துறையின் அத்துமீறலையும் முன்னிறுத்துகின்றன. அவை முதன்மையானவையே. எனினும் வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டிய கேள்வி ஒன்று அவற்றுக்கு அடியில் உள்ளது. நீதிமன்றத்துக்குள் வரலாறு எந்த வாயில் வழியாக நுழைய விடப்பட்டது என்பதே அக்கேள்வி.

பட்டயமும் வேலியும்

மப்புச்சே மொழியில் ‘மப்பு’ என்பது நிலம். ‘சே’ என்பது மக்கள். நிலத்தின் மக்கள் எனத் தம்மை அழைத்துக்கொண்ட இவர்களை ஸ்பானியப் படைகள் முற்றாக வெல்ல இயலவில்லை. 1641ஆம் ஆண்டு கில்லின் என்னுமிடத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையில் பியோபியோ ஆற்றை எல்லையாக ஸ்பானிய முடியரசு ஏற்றது. சிலி விடுதலை பெற்ற பின்னரும் அவ்வாற்றுக்குத் தெற்கே பெரும்பகுதி மப்புச்சேக்களின் ஆளுகையிலேயே இருந்தது. நிலைமையை மாற்றியது பேரரசன்று, குடியரசு. 1861ஆம் ஆண்டு முதல் 1883ஆம் ஆண்டு வரை சிலியின் படை நடத்திய கைப்பற்றலுக்கு ‘அமைதிப்படுத்தல்’ என்னும் பெயர் பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

கைப்பற்றிய நிலம் அரசுடைமை என அறிவிக்கப்பட்டு, ஏலம் விடப்பட்டது. ஐரோப்பியக் குடியேறிகளுக்கும் வழங்கப்பட்டது. மப்புச்சேக்களுக்கு 1884 முதல் 1929 வரை சுமார் 3,000 பட்டயங்கள் அளிக்கப்பட்டன. அவற்றில் அடங்கிய மொத்த நிலம் சுமார் 5 லட்சம் ஹெக்டேர். தலைக்குக் கணக்கிட்டால் 6 ஹெக்டேர் அளவே வரும். இப்பட்டயத்துக்கு வைக்கப்பட்ட பெயர் நோக்கத்தக்கது. ஸ்பானிய மொழியில் அது ‘மெர்சேத்’ பட்டயம்; மெர்சேத் என்பதற்கு அருள், கொடை என்பது பொருள். இருந்த இடத்தில் இருப்பதற்கே கொடையாளர் ஒருவரின் அருள் தேவை என்னும் கருத்து அச்சொல்லிலேயே உறைந்துள்ளது. பட்டயம் பெற்ற குடியிருப்புகளை அரசு ஆவணங்கள் ‘ரெதுக்சியோன்’ என்றன. குறுக்கம் என்று தமிழில் சொல்லலாம். நிலைமையை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல்லை எதிர்ப்பாளர்கூட ஆக்கியிருக்க இயலாது.

குறுக்கப்பட்ட நிலமும் அப்படியே நிற்கவில்லை. அண்டைப் பண்ணைகளின் வேலிகள் பட்டய எல்லைக்குள் நகர்ந்தன. சால்வதோர் அயெந்தே ஆட்சியில் (1970–1973) நிலச் சீர்திருத்தத்தின் வழியே ஓரளவு நிலம் திரும்பியது. 1973ஆம் ஆண்டு செப்டம்பர் இராணுவப் புரட்சிக்குப் பின் அது மீண்டும் பறிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டின் 701ஆம் எண் ஆணைச்சட்டம் மரத்தோட்டம் வளர்ப்போருக்குச் செலவின் பெரும்பகுதியை மானியமாக வழங்கியது. 1979ஆம் ஆண்டின் 2568ஆம் எண் ஆணைச்சட்டம் பொதுவில் இருந்த பட்டயநிலங்களைத் தனித்தனியாகப் பிரிக்க வழிசெய்தது. ஒன்று தோட்ட நிறுவனங்களை வளர்த்தது. மற்றொன்று எதிரிலிருந்த சமூகத்தைச் சிதறடித்தது. ஊசியிலை மரமும், நம்மிடையே தைலமரம் என வழங்கும் யூகலிப்டசும் மப்புச்சே ஊர்களைச் சூழ்ந்தன. கிணறுகள் வற்றின என்பதும் மூலிகைகள் அருகின என்பதும் அவ்வூர்களிலிருந்து இடையறாது எழும் முறையீடுகள். நீலகிரிப் புல்வெளிகளில் இதே மரம் செய்ததை அறிந்தவர்க்கு இம்முறையீடு புதிதன்று.

இடையே ஒரு குறிப்பு. ஸ்பானியக் கவிஞர் அலோன்சோ தே எர்சிய்யா, மப்புச்சேக்களின் போர்த்திறனைப் போற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் ‘லா அராவுக்கானா’ என்னும் காப்பியத்தை இயற்றினார். சிலி அதனைத் தன் தேசியக் காப்பியமாகக் கொண்டாடுகிறது. அக்கவிஞரின் பெயரைத் தாங்கிய எர்சிய்யா வட்டாரம் இன்று நிலப்பூசல்கள் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. ஆயுதக் காவல் ஊர்திகள் அங்கு அன்றாடக் காட்சி. காப்பியத்துள் அடங்கிய வீரத்தைக் கொண்டாடுவது எளிது.

அச்சத்தை அனுமானிக்கும் சட்டம்

மக்களாட்சி திரும்பிய பின் 1993ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 19253ஆம் எண் தொல்குடிச் சட்டம், பூசலிலுள்ள நிலங்களை அரசே விலைகொடுத்து வாங்கி மப்புச்சேக்களுக்கு வழங்க ஒரு நிதியத்தை அமைத்தது. நிலத்தை இழந்த முறை குறித்து எவரும் தீர்ப்புரைக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது. வாங்குவோரும் விற்போரும் விலையில் உடன்பட்டால் போதும். உடன்படாவிடில் வரலாறு காத்திருக்கவேண்டும். காத்திருப்பு நீண்ட நிலையில்தான் நேரடி நிலமீட்பு முயற்சிகள் பெருகின. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று லுமாக்கோ வட்டாரத்தில் மரம் ஏற்றிச்சென்ற மூன்று சரக்குந்துகள் எரிக்கப்பட்டன. அரசு முதலில் கையிலெடுத்தது அரசுப் பாதுகாப்புச் சட்டத்தை. ரிக்கார்தோ லாகோஸ் ஆட்சிக்காலத்தில் (2000–2006), அதினும் கடுமையான 18314ஆம் எண் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பயன்படுத்தப்பட்டது.

அச்சட்டம் 1984ஆம் ஆண்டு பினோச்செட் ஆட்சியில் பிறந்தது. 1991ஆம் ஆண்டு மக்களாட்சி அரசு அதனைத் திருத்தியதேயன்றி நீக்கவில்லை. மக்களிடையேயோ அவர்களுள் ஒரு பகுதியினரிடையேயோ, தாமும் அத்தகைய குற்றத்துக்கு இரையாவோம் என்னும் நியாயமான அச்சத்தை விளைக்கும் நோக்கமே ஒரு செயலைப் பயங்கரவாதமாக்கும் என்பது அதன் இலக்கணம். இவ்விலக்கணத்தோடு ஒட்டியிருந்தது ஓர் அனுமானம். வெடிபொருளோ தீமூட்டும் கருவியோ பயன்பட்டிருப்பின் அந்நோக்கம் இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியைச் சாரும். மனித உயிருக்குத் தீங்கு நேராத சொத்தழிப்பையும் இவ்வனுமானம் பயங்கரவாதத்துக்குள் இழுத்துவிட்டது. தீ வைப்புகள் நிகழவேயில்லை என்பதோ அவை குற்றமல்ல என்பதோ இங்கு வாதமன்று. சாதாரணக் குற்றவியல் சட்டத்திலேயே அவற்றுக்குத் தண்டனை உண்டு. பயங்கரவாதம் என்னும் பெயர் கூடுதலாக எதனைச் சாதித்தது என்பதே கேள்வி.

அது சாதித்தவை பல: தண்டனை உயர்ந்தது, பிணை அரிதாயிற்று, முன்விசாரணைக் காவல் மாதக்கணக்கில் நீண்டது, சாட்சியின் அடையாளத்தை மறைக்க இயன்றது. தண்டனை பெற்றவர் பொதுப்பதவி வகிக்கவும் செய்தி ஊடகம் நடத்தவும் நெடுங்காலத் தடைக்கு உள்ளாயினர். நிலக்கோரிக்கைக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட குடித்தலைவருக்கு இக்கடைசித் தண்டனை சிறையைவிடக் கனமானது எனலாம்.

அங்கோல் வழக்கு

2001ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று திரைகென் வட்டாரத்து நன்காகுவே பண்ணையில் மேலாளரின் வீடு எரிந்தது. பண்ணையின் உரிமையாளர் அய்ல்வின் அமைச்சரவையில் வேளாண் அமைச்சராக இருந்தவர். நான்கு நாள் கழித்து அருகிலிருந்த சான் கிரிகோரியோ பண்ணையிலும் தீப்பற்றியது. தெமுலெமு ஊரின் லொங்கோ பஸ்குவால் பிச்சூன், திதாய்கோ ஊரின் லொங்கோ அனிசெத்தோ நோரின், அவர்களுக்கு ஆதரவாளராக இருந்த பத்ரிசியா திரொன்கோசோ ஆகிய மூவர்மீதும் பயங்கரவாதத் தீவைப்பு, தீவைப்பு அச்சுறுத்தல் ஆகிய குற்றங்கள் சாட்டப்பட்டன. ‘லொங்கோ’ என்பது மப்புச்சே மொழியில் தலை; அதுவே தலைவனையும் குறிக்கும். தலையிலிருந்து தலைவனை ஆக்கிக்கொண்ட தமிழர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று அங்கோல் நீதிமன்றம் மூவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. அரசுத் தரப்பும் பண்ணை உரிமையாளர் தரப்பும் மேல்முறையிட்டன. ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைச் செல்லாதாக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. மறுவிசாரணை வேறு நீதிபதிகளின்முன் நடந்தது. திரொன்கோசோ மீண்டும் விடுவிக்கப்பட்டார். லொங்கோக்கள் இருவரும் தீவைப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, அச்சுறுத்தலுக்காகத் தண்டிக்கப்பட்டனர்: பிச்சூன் நன்காகுவே தொடர்பிலும் நோரின் சான் கிரிகோரியோ தொடர்பிலும். தீ வைத்தவர் எவரென்று நிறுவப்படவில்லை. ஆயினும் தீ பயங்கரவாதத் தீ என்பது நிறுவப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

இத்தீர்ப்பு சென்ற வழியே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. தீவைப்புகளின் பயங்கரவாதத் தன்மையை நிறுவ, அப்பகுதியில் மப்புச்சேக்கள் சட்ட ஒழுங்குக்கு வெளியே நடத்திவரும் நிலமீட்பு இயக்கத்தின் பின்னணியில் இச்செயல்கள் நிகழ்ந்தன என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. எதிரிகளின் பங்கை நிறுவுவதற்கு, இருவரும் லொங்கோக்கள் என்பதும், அப்பதவி தம் மக்கள்மீது படிநிலையும் ஆணையிடும் ஆற்றலும் உடையது என்பதும், அவர்களுடைய ஊர்கள் நன்காகுவே பண்ணையை ஒட்டியவை என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டன.

இவற்றை ஒவ்வொன்றாக நோக்கலாம். பண்ணையை ஒட்டி ஊர் அமைந்திருப்பது ஏன்? பட்டயம் வழங்கியபோது ஊருக்கும் பண்ணைக்கும் இடையே அரசு வரைந்த கோடு அது. லொங்கோ தம் மக்களுக்காகப் பேசுவது ஏன்? குடியின் பொதுநலனைக் காப்பதே அப்பதவியின் மரபுக்கடமை. நிலமீட்பு இயக்கம் எழுந்தது ஏன்? அய்ல்வின் ஆணையத்தின் அறிக்கை அப்போது விளக்க முற்பட்டுக்கொண்டிருந்தது அதனைத்தான். உரிமை வழக்கில் மப்புச்சே தரப்பு முன்வைக்கக்கூடிய மூன்று வரலாற்று உண்மைகளும் குற்ற வழக்கில் அரசுத் தரப்பின் சான்றுகளாக இடம்மாறின. உரிமைக்கு அவற்றைக் கேட்க ஒரு மன்றம் இருக்கவில்லை. நோக்கத்தை நிறுவ அவை தேவைப்பட்டபோது மன்றம் அவற்றை மறுக்கவில்லை.

போலுக்கோ பிதென்கோ வழக்கும் இதே நகரில்தான் நடந்தது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று மினின்கோ என்னும் மரத்தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் 100 ஹெக்டேருக்கு மேல் ஊசியிலை மரங்கள் எரிந்தன. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் பயங்கரவாதத் தீவைப்புக்காகத் திரொன்கோசோ உள்ளிட்டோருக்குப் பத்தாண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. நிறுவனத்துக்குப் பெருந்தொகை இழப்பீடு செலுத்தவும் ஆணையிடப்பட்டது. திரொன்கோசோ 2007 அக்டோபர் முதல் 2008 சனவரி வரை நூறு நாளுக்கு மேல் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். ரால்கோ அணைக்கு எதிரான போராட்டத்தோடு தொடர்புடைய வழக்கில் விக்தோர் அன்காலாஃப் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அவர் தண்டனை ஐந்தாண்டும் ஒரு நாளுமாகக் குறைந்தது.

முகமறியாச் சாட்சி

சிலியின் குற்றவியல் நடைமுறைச் சீர்திருத்தம் இலத்தீன் அமெரிக்காவில் பெரிதும் பாராட்டப்பட்ட ஒன்று. எழுத்தில் நடந்த இரகசிய விசாரணையை நீக்கி, வெளிப்படையான வாய்மொழி விசாரணையை அது புகுத்தியது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இரு பகுதிகளுள் மப்புச்சேக்களின் அராவுக்கானியாவும் ஒன்று. சில ஆண்டுகளுக்குள், அதே பகுதியில், திரைக்குப் பின்னிருந்து மாற்றப்பட்ட குரலில் சாட்சி சொல்லும் முறைக்குப் பயங்கரவாதச் சட்டம் இடமளித்தது. சாட்சியின் பெயரை எதிரியின் வழக்கறிஞர் அறியலாம். தம் கட்சிக்காரரிடம் சொல்லலாகாது. தம்மீது குற்றம் சொல்பவர் பகைவரா, ஊதியம் பெற்றவரா, அண்டைவீட்டாரா என்பதை எதிரியே அறிய இயலாதபோது குறுக்கு விசாரணை எதைப் பற்றிக்கொண்டு நடக்கும்? ஊரார் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கியதை இம்முறையின் தற்செயல் விளைவு என்று கொள்வதற்கில்லை.

மனித உரிமைக் கண்காணிப்பகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை இவ்விசாரணை முறையைக் கடுமையாகச் சாடியது. அதற்கு முந்தைய ஆண்டு சிலிக்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரொதோல்ஃபோ ஸ்தாவென்ஹாகன், முறையான சமூகப் போராட்டங்களைக் குற்றமாக்கலாகாது எனப் பரிந்துரைத்திருந்தார். சட்டம் மாறியது இப்பரிந்துரைகளால் மட்டுமன்று. 2010ஆம் ஆண்டு, நாடு விடுதலையின் இருநூற்றாண்டு விழாவுக்கு அணியமாகிக்கொண்டிருந்தபோது, முப்பதுக்கும் மேற்பட்ட மப்புச்சே சிறையாளர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். அதனையொட்டி 20467ஆம் எண் திருத்தச் சட்டம் அச்ச நோக்கம் பற்றிய அனுமானத்தை நீக்கியது.

சான் ஹோசே தீர்ப்பு

தண்டனை பெற்றோரின் முறையீடு, கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் அமைந்த அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தை 2011ஆம் ஆண்டு சென்றடைந்தது. 2014ஆம் ஆண்டு மே 29 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு சிலி அரசைப் பல கூறுகளில் பொறுப்பாளியாக்கியது. அச்ச நோக்கத்தை அனுமானித்தது சட்டமுறைமைக் கோட்பாட்டையும் குற்றமற்றவரெனக் கொள்ளும் உரிமையையும் மீறியது. பிச்சூன், அன்காலாஃப் ஆகியோரின் வழக்கில் அடையாளம் மறைத்த சாட்சியம் எதிர்வாத உரிமையை மீறியது. மேல்முறையீட்டு ஆய்வு போதியதாக இல்லை. ஊடகத் தடை கருத்துரிமையைப் பறித்தது. எட்டுப் பேரின் தண்டனைகளையும் எல்லா விளைவுகளோடும் நீக்கவேண்டும் என்பது ஆணை.

வரலாற்று நோக்கில் முதன்மை பெறுவது சமத்துவம் பற்றிய பகுதி. நிலமீட்பு இயக்கம், அதன் பின்னணி, லொங்கோ பதவி முதலியவற்றைத் தீர்ப்புகள் பேசிய விதத்தை எடுத்துக்காட்டி, மப்புச்சே மக்களைப் பற்றிய முன்முடிவுகளின்மேல் அவை அமைந்தன என நீதிமன்றம் கண்டது. சட்டப்பிரிவு மட்டுமன்று, நீதிபதிகள் எழுதிய உரைநடையும் உரிமைமீறலாகலாம் என்பதே இதன் பொருள். நீதிமன்றத் தீர்ப்புகளை வரலாற்று மூலங்களாகப் பயன்படுத்துவோர் அவற்றின் முடிவுரையைக் காட்டிலும் ‘பின்னணி’ என்னும் தலைப்பில் வரும் பத்திகளைக் கூர்ந்து வாசிக்கவேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது. அப்பத்திகளில்தான் எவருடைய வரலாறு எந்த வினைச்சொற்களால் சொல்லப்படுகிறது என்பது வெளிப்படும்.

பிச்சூன் இத்தீர்ப்பைக் காணவில்லை. 2013ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் மறைந்தார். சிலி உச்ச நீதிமன்றம் எட்டுத் தண்டனைகளையும் செல்லாதாக்கியது 2019ஆம் ஆண்டு மே மாதத்தில். தண்டனைக் காலத்தைச் சிறையில் கழித்தவர்களுக்கு அவ்வாணை பெயரை மட்டுமே மீட்டளித்தது. நிலத்தைப் பற்றி அதில் எதுவுமில்லை. இருக்கவும் இயலாது, ஏனெனில் நிலம் எந்தக் கட்டத்திலும் வழக்கின் பொருளாக இருக்கவில்லை. சான் ஹோசேயிலும் முறையீடு நேர்மையான விசாரணை பற்றியதாகவே அமைந்தது. ஒரு சமூகம் தன் வளத்தையும் காலத்தையும் ஏறத்தாழ இருபதாண்டு குற்றச்சாட்டிலிருந்து விடுபடுவதற்கே செலவிட நேர்ந்ததை, வழக்குத் தோல்வியா வெற்றியா என்னும் அளவுகோல் காட்டாது.

2019ஆம் ஆண்டுக்குப் பின்

இடைப்பட்ட ஆண்டுகளில் பூசல் கொடியதாயிற்று. 2013ஆம் ஆண்டு சனவரியில் ஒரு பண்ணை வீட்டுத் தீயில் முதிய தம்பதியர் இறந்தனர். அக்கொலையை நிலக்கோரிக்கையால் நியாயப்படுத்த முனைவது வரலாற்று ஆய்வாளரின் வேலையன்று. 2018ஆம் ஆண்டு நவம்பரில் எர்சிய்யா வட்டாரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் கமிலோ கத்ரியான்கா என்னும் இளைஞர் இறந்தார். அவர் ஓட்டிச்சென்றது ஓர் உழவூர்தி.

சட்டமும் வேறு வடிவங்களை மேற்கொண்டது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட 21633ஆம் எண் சட்டம் நில ஆக்கிரமிப்புக்கான தண்டனையைக் கடுமையாக்கிச் சிறைத்தண்டனையைப் புகுத்தியது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், பினோச்செட் காலச் சட்டத்துக்கு மாற்றாக 21732ஆம் எண் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வெளியாயிற்று. அதே ஆண்டு மே மாதம், குடியரசுத் தலைவர் கபிரியேல் போரிச் அமைத்த ‘அமைதிக்கும் புரிதலுக்குமான ஆணையம்’ மப்புச்சேக்களின் நிலக்கோரிக்கைகளைத் தீர்ப்பதற்கான தன் பரிந்துரைகளை அரசிடம் அளித்தது.